லேப்டாப்பை ஃபார்மட் செய்யக் கொடுக்கும் முன்

பெறுநர்: பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோர்
பொருள்: வீட்டுக் கணினி திறக்கத் தாமதமாவது குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில், மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்டது லேப்டாப்தான். “ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு சார்” என்றார் ஒரு அம்மா. கடையில் கேட்டால் ஃபார்மட் (உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது) என்கிறார்கள், இல்லையென்றால் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். அப்படி ஃபார்மட் செய்ததில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் செய்து வைத்திருந்த பைத்தான் (கணினி நிரல் மொழி) பயிற்சிகள் மொத்தமும் போய்விட்டன. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. இன்னொரு வீட்டில் இது நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு பட்டியலைப் பாருங்கள். நாம் கணினியை ஆன் செய்யும்போது விண்டோஸ் மட்டும் எழுந்து வருவதில்லை. ஏற்றி வைத்த மென்பொருள்களில் பல, நம்மிடம் கேட்டும் கேட்காமலும், ‘என்னையும் கூடவே எழுப்பு’ என்று பதிவு செய்து வைத்திருக்கும். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்குப் போட்ட டீம்ஸ், அண்ணன் விளையாடப் போட்ட ஸ்டீம், பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை, படம் இறக்க டோரன்ட் (இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்!) எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். பழைய லேப்டாப்களில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் முள் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் படிக்க முடியும். பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டால் அது அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும், சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) உள்ள கணினியில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னதாகத் திறந்தால் கீழே ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைத் தட்டுங்கள். அதில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதிதான் நமக்கு வேண்டிய பட்டியல். 11-இல் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ என்று இருக்கும். அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த விலையில்லா மடிக்கணினியில் இன்னும் விண்டோஸ் 7 ஓடினால் வழி வேறு. அதை நேரில் காட்டுகிறோம்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஹை, மீடியம், லோ என்று ஒரு குறிப்பு இருக்கும். தொடங்கும்போது புராசஸரை ஒரு விநாடிக்கு மேல் பிடித்து வைத்தாலோ, டிஸ்கில் 3 எம்பிக்கு மேல் படித்தாலோ எழுதினாலோ அது ‘ஹை’. வேண்டாததன் மேல் ரைட் கிளிக் செய்து ‘டிஸேபிள்’ கொடுத்தால் போதும். மென்பொருள் அழிந்துவிடாது. அதுவாக எழுந்து வராது, அவ்வளவுதான். தேவைப்படும்போது பிள்ளையே திறந்துகொள்ளலாம், மனம் மாறினால் ‘எனேபிள்’ கொடுக்கலாம். அதனால் இந்த வேலையைப் பிள்ளைகளிடமே தைரியமாக விடுங்கள்; பக்கத்தில் உட்கார்ந்து “இது என்ன, யாருக்கு வேணும்?” என்று கேட்டால் போதும்.

அதற்காக ‘ஹை’ என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிட வேண்டாம். ஆன்டிவைரஸும் அப்படிக் காட்டலாம், ஆனால் அது இருந்தே ஆக வேண்டும். டச்பேட், ஒலி சம்பந்தப்பட்டவற்றிலும் கை வைக்காதீர்கள். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும். தெரியாமல் அதை அணைத்துவிட்டு, “கீபோர்டு கெட்டுப்போச்சு, தமிழ் வரல” என்று கடைக்கு ஓட வேண்டியதில்லை.

ஒரு பெயரை மட்டும் கவனமாகத் தேடச் சொல்லுங்கள்: ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’. பெயரைப் பார்த்தால் நல்ல பிள்ளை போலத்தான் தெரியும். நிஜமாகவே விண்டோஸின் பகுதிதான். ஆனால் வீட்டுக் கணினியில் அது தானாகத் தொடங்கும் பட்டியலில் நின்றால், பெரும்பாலும் பென் டிரைவில் வந்த ஷார்ட்கட் வைரஸ் அதைப் பயன்படுத்துகிறது என்று சந்தேகிக்கலாம். பிரவுசிங் சென்டரில் புராஜெக்ட் பிரின்ட் எடுக்கக் கொண்டுபோன பென் டிரைவில், கோப்புகள் மறைந்து வெறும் ஷார்ட்கட்டாகத் தெரிகின்றன என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அதே வைரஸ்தான். இதற்கு டிஸேபிள் மட்டும் போதாது. விண்டோஸிலேயே உள்ள டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸில் ‘ஃபுல் ஸ்கேன்’ ஓட விடுங்கள். மறைந்த கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும், மீட்டுவிடலாம். பயந்துபோய் பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மெதுவாகத்தான் திறக்கிறது என்றால், புதிய லேப்டாப்புக்கு முன் ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்ற என்ன செலவாகும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். ஃபார்மட்தான் ஒரே வழி என்று அவர்கள் சொன்னாலும், பிள்ளையின் கோப்புகளை வேறோர் இடத்தில் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை கணினி ஆய்வகம் திறந்திருக்கும். கணினி ஆசிரியரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலரும் இருப்பார்கள். கட்டணம் எதுவும் இல்லை. லேப்டாப்புடன் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். கடவுச்சொல் தெரிந்த ஆள் கூட வர வேண்டும். பென் டிரைவை நாங்கள் ஸ்கேன் செய்யாமல் ஆய்வகக் கணினியில் யாரும் செருக வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்