ஸ்டேஷன் வேகன் வாங்கியாச்சு

செம்பூர், மும்பை
12.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். உன் நலம், மருமகள் நலம், குட்டியின் நலம் அறிய ஆவல்.

வண்டி வந்துவிட்டது. விஜயதசமியன்றே போட்டோ அனுப்பினேன். நீ பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டினாய். முப்பத்துநாலு வருஷம் வளர்த்ததற்கு ஒரு கட்டைவிரல்! சரி, போகட்டும். அந்தப் போட்டோவில்தான் என்ன தெரிகிறது, அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பதுதான் தெரிகிறது. அதனால் விவரமாக எழுதுகிறேன். போனில் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குக் கடன் கிடையாது. 2020-ல் போஸ்ட் ஆபீஸில் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டது ஐந்து வருஷம் முடிந்து கைக்கு வந்தது. அன்றைக்கு வட்டி 7.4, இன்றைக்கு 8.2. மறுபடி போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருதரம் வட்டி வந்து விழுந்துகொண்டிருக்கும். பெரியப்பாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் வட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எப்போதுதான் ஓட்டுவது? லைசென்ஸை 2029 வரைக்கும்தான் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நீ வண்டிக்கென்று பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். மாதாமாதம் அனுப்புகிறாயே, அதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வை. இங்கே செலவாவதில்லை, பேங்கில்தான் கிடக்கிறது.

ஷோரூமில் போய் ஸ்டேஷன் வேகன் இருக்கிறதா என்று கேட்டேன். பையன் முழித்தான். அப்புறம் எர்டிகாவைக் காட்டி, “இது எம்.பி.வி., அங்கிள்” என்றான். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆளையும் பெட்டியையும் ஏற்றி வர அமெரிக்காவில் செய்த வண்டி, அதனால்தான் அந்தப் பெயர் என்று அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பாவம், மாதக் கடைசி, அவனுக்கு டார்கெட் இருந்திருக்கும்.

நம் நாட்டில் அந்த ஜாதி வண்டி நிலைக்கவே இல்லை. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. எங்கள் ஜி.எம். ஒன்று வைத்திருந்தார். அது கேட்டுக்குள் நுழையும்போது நான் லெட்ஜரை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவேன். 2004-ல் இண்டிகோ மரீனா வந்தது, அதுவும் போய்விட்டது. பின்பக்கம் நீண்டிருந்தால் நம் ஜனங்களுக்கு ஆம்புலன்ஸ் ஞாபகம் வந்துவிடும்போல. எனக்கு அந்த ஆசை பிடித்தது தாதர் ஸ்டேஷனில். அம்பை ஆச்சி நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவாளே, அரிசி மூட்டை, தேங்காய், வடகம், எண்ணெய் டின் என்று. இரண்டு பத்மினி டாக்ஸி பிடித்து, மேல் கேரியரில் கயிறு கட்டி, சயான் சிக்னலில் ஒருமுறை மூட்டை சரிந்து, நீ சிரித்தாயே! ஆச்சி அதற்கப்புறம் நாலு நாள் உன்னோடு பேசவில்லை. அந்தப் பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு ரோட்டைவிட்டுப் போய்விட்டது. ஆச்சியும் இல்லை. வண்டி இப்போதுதான் வருகிறது.

சி.என்.ஜி. வாங்கச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள், இந்த ஊரில் யார்தான் அதைச் சொல்ல மாட்டார்கள். டிக்கியில் கொண்டுபோய் சிலிண்டரை உட்கார வைத்துவிட்டால் பெட்டியை எங்கே வைப்பது? பெட்ரோலே போதும் என்றுவிட்டேன். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் 209 லிட்டர்தான் இடம், கடைசி வரிசையை மடக்கினால் 550. வீட்டிலிருந்து டேப் கொண்டுபோய் அளந்தும் பார்த்தேன். உன் பழைய நீலப் பெட்டி படுக்கையாக உள்ளே போகும்.

வரியையும் எழுதிவிடுகிறேன். செப்டம்பர் 22-க்கு முன்னால் இந்த வண்டிக்கு 45 சதவீதம், இப்போது 40. நாலு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்ஜின் 1200 சி.சி.க்குள் இருந்தால் 18 தான். இது 1462 சி.சி., நீளமும் 4.4 மீட்டர். “ரெண்டு கிழங்களுக்கு ஏழு சீட் எதற்கு, சின்னதாக வாங்கி வரியை மிச்சம் பிடி” என்றார் பெரியப்பா. நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் மூன்று பேர், நாங்கள் இரண்டு, தானேயில் இருக்கிற அத்தை ஒருத்தி. ஆறு ஆயிற்றா? இன்னொரு சீட் யாருக்காவது ஆகும்.

வெள்ளை வேண்டாம் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். இந்த ஊரில் வெள்ளை எர்டிகா என்றால் டாக்ஸிதான். நீலம் எடுத்தோம். எடுத்தும் என்ன, மூன்றாம் நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன், ஒருவர் பெட்டியோடு வந்து பின்கதவைத் திறந்து, “ஏர்போர்ட்?” என்றார். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

டெலிவரி அன்று ஒரே கூட்டம். மூன்றடி நீளத்தில் அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்து நிற்க வைத்தார்கள். வண்டிமேல் சிவப்புத் துணி போர்த்தியிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுக்க வேண்டுமாம். அம்மா இழுத்த பக்கம் துணி வைப்பரில் மாட்டிக்கொண்டது. அந்தப் பையன்தான் வந்து எடுத்துவிட்டான்.

அங்கிருந்து நேரே திருச்செம்பூர் முருகன் கோயில். அம்மாவால் படி ஏற முடியாது என்பதால் கீழேயே பூஜை. குருக்கள் பானெட்டில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். “மெதுவா எடுங்கோ” என்றார். நான் பழைய பழக்கத்தில் ஃபர்ஸ்ட் கியர் என்று நினைத்துப் போட்டது ரிவர்ஸ். வண்டி பின்னால் போயிற்று, பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், பழம் நாலும் வைத்தபடி பளபளவென்று தரையில் இருந்தது. மறுபடி முன்னால் எடுத்தேன். மூன்று நசுங்கியது. இடதுபக்கப் பழம் மட்டும் டயருக்கடியிலிருந்து வழுக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் உருண்டுவிட்டது. அம்மா, “அது தானாகவே திருஷ்டியை எடுத்துக்கொண்டு போகிறது, விடுங்கள்” என்றாள். குருக்களும் ஆமாம் என்றார். ஆகையால் கவலையில்லை.

இவ்வளவையும் போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்று எழுத நினைத்தேன், அதுவும் இப்போது சரியில்லை. போன வருஷம் வரைக்கும் ரெண்டாவது நிமிஷத்திலேயே, “அப்பா, ஒரு கால் வருது” என்பாய். எனக்குக் கோபம் வரும். அப்பனைவிடப் பெரிய கால் என்ன வந்தது என்று அம்மாவிடம் கத்துவேன். ஆகஸ்டிலிருந்து உனக்குக் கால் எதுவும் வருவதில்லை. போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அரைமணி நேரம் பேசினோம். நடுவில் குக்கர் மூன்று விசில் அடித்தது, நீதான் எழுந்துபோய் அணைத்தாய். வீட்டிலிருந்தே வேலை என்றால் சௌகரியம்தான். பெங்களூர் ட்ராஃபிக்கில் யார் போவது.

கீழ் வீட்டுப் பையன் அவனுடைய கம்ப்யூட்டரில் உன் போட்டோவைக் காட்டினான். போட்டோவைச் சுற்றிப் பச்சையாக ஏதோ வளையம். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரெண்டு மணி வரை முழித்திருக்காதே. வாட்ஸ்அப்பில் எத்தனை மணிக்கு வந்தாய் என்று காட்டுகிறது, மறைக்கத் தெரியவில்லை உனக்கு. வாசுதேவநல்லூர் தாத்தா மாதிரி எல்லாவற்றையும் வயிற்றுக்குள் போட்டுக்கொள்கிற சுபாவம் உனக்கு. அதே சமயம் நம் கட்டடத்தில் உன்னை மாதிரி ஒரு பிள்ளை கிடையாது, அதை நான் லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். முதல் சம்பளத்தில் நீ வாங்கிக் கொடுத்த வாட்ச்சைத்தான் டெலிவரி அன்றும் கட்டியிருந்தேன். பணம் மட்டும் அனுப்பாதே. மூன்றாம் தேதி வருவது போன மாதம் பதினொன்றாம் தேதி வந்தது. நான் அதைக் கேட்கவில்லை, கணக்கு எழுதினவன் கண்ணில் தேதி படும், அவ்வளவுதான்.

நம் பழைய மாருதி ஆம்னி வேனைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். புது வண்டி எடுத்ததிலிருந்து அதுதான் உறுத்துகிறது.

ஆம்னிக்கு எஞ்ஜின் முன் சீட்டுக்கு அடியில். கண்டாலா காட் ஏறினால் அம்மாவின் புடவை சுடும், ஞாபகம் இருக்கும். 2001-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கீழே கூப்பிட்டு, சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டி, “எஞ்ஜின் போச்சுடா, சரி பண்ண வண்டி விலை ஆகும், விற்றுவிடலாம்” என்றேன். நீ குனிந்து பார்த்தாய். “காலையில ஸ்டார்ட் ஆச்சே, அப்பா” என்றாய். உனக்குப் பத்து வயசு. உனக்கு என்னடா தெரியும் என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். நீ அழவில்லை. தலையைத் தடவிக்கொண்டு அந்த எஞ்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

எஞ்ஜின் நன்றாகத்தான் இருந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஒரு குறை கிடையாது. வாங்கினவன் அதில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப் பல வருஷம் ஓட்டினான். மான்கூர்டு சிக்னலில் ஒருதரம் எனக்கு முன்னாலேயே நின்றது. பின் கண்ணாடியில் நீ ஒட்டிய கிரிக்கெட் ஸ்டிக்கர் பாதி உரிந்து அப்படியே இருந்தது.

நான் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன், சொந்தமாகக் கணக்கு எழுதலாம் என்று நானேதான் முடிவெடுத்தேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவிடமும் அதேதான். அப்படி இல்லை. அந்த வருஷம் மார்ச்சில் ஒருநாள் மூன்று மணிக்குக் கூப்பிட்டு, ஐந்து மணிக்குள் மேஜையைக் காலி பண்ணச் சொன்னார்கள். பதினேழு வருஷ மேஜை. ஒரு பஞ்சிங் மெஷினும் ஒரு கால்குலேட்டரும்தான் என்னுடையவை. மறுநாள் காலையிலும் அம்மா கட்டிக் கொடுத்த டிபன் கேரியரோடு 7.50 ட்ரெயினைப் பிடித்தேன். வாஷியில் இறங்கினேன். வெளியே போகவில்லை, பிளாட்பாரம் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். பசித்தால் கேரியரைத் திறப்பேன், ஆறு மணிக்குத் திரும்பி வருவேன். இப்படி நாலு மாதம், தம்பி. சீசன் டிக்கெட்கூட ஒழுங்காகப் புதுப்பித்தேன்.

கடைசியில் அம்மாவிடம் சொன்னதும் நான் இல்லை. ஃபீஸ் கட்டவில்லை என்று உன் டயரியில் எழுதி அனுப்பினார்கள், அதிலிருந்து அவளாகக் கண்டுபிடித்தாள். வேலை போனதற்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. “நாலு மாசம் சுரைக்காய்க் கூட்டு ஆறிப்போய்த் தின்றீர்களே, வீட்டில் உட்கார்ந்து சூடாகத் தின்றிருக்கலாமே” என்றுதான் அழுதாள். மறுவாரம் டியூஷன் ஆரம்பித்தாள். ஆம்னி விற்ற பணத்தில் உன் ஃபீஸும் சொசைட்டி பாக்கியும் போயிற்று. அப்போதும் உன்னிடம் நிஜத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டார்ச் அடித்துக் காட்ட வந்தது.

அந்தக் குட்டுக்கு இருபத்துநாலு வருஷம் ஆகிறது. சரியாகப் பார்த்துச் சொன்ன பிள்ளையைக் குட்டியிருக்கிறேன்.

சரி. தீபாவளிக்கு நாங்கள் வருகிறோம். 17-ம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக இருக்கிறோம். நீ லீவு அது இதுவென்று எதுவும் பண்ண வேண்டாம். சாதாரா, கோலாப்பூர் வழியாகப் போய் பெலகாவியில் ராத்திரி தங்குகிறோம். மறுநாள் ஹுப்பள்ளி, தாவணகெரே, தும்கூர் பிடித்து இருட்டுவதற்குள் உங்கள் வீடு. மொத்தம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எண்பதைத் தாண்ட மாட்டேன், அம்மா மீட்டரையே பார்த்துக்கொண்டு வருவாள். ஃபாஸ்டேகில் 3000 ரூபாய்க்கு வருஷ பாஸ் போட்டுவிட்டேன், 200 தடவை போகலாம். பூனா எக்ஸ்பிரஸ்வேக்கு மட்டும் அது செல்லாது, அது மாநிலத்தின் ரோடு. வாஷியில் இப்போது டோலே கிடையாது.

திரும்பும்போது உங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று அம்மா கேட்கிறாள். எத்தனை நாள் வேண்டுமானாலும் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சீட் இருக்கிறது.

இரண்டாவது வரிசையில் குழந்தை சீட்டை மாட்டக் கொக்கி கொடுத்திருக்கிறார்கள். சீட் வாங்கக் கடைக்குப் போனால் குழந்தையின் உயரம் என்ன, எடை என்ன என்கிறான். பேத்தியின் உயரம் தெரியாமல் தாத்தா விழித்துக்கொண்டு நின்றேன். சுவரில் நிறுத்தி அளந்து, செருப்பில்லாமல், சென்டிமீட்டரில் சொல்லு. நாளைக்கு ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், வியாழனுக்குள்ளாவது பதில் வேண்டும். எழுத நேரமில்லையென்றால் போன் பண்ணு. பகலில் எப்போது வேண்டுமானாலும் பண்ணு. எனக்கும் வேறு கால் எதுவும் வருவதில்லை.

அன்புடன்,
அப்பா