கோணத்தைப் படமெடுக்கும் முன்: கணிதப் பாடக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கணிதப் பாடக் குழுவினருக்கும், குறுவள மையங்களில் பயிற்சி தரும் கருத்தாளர்களுக்கும்,

வணக்கம்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோணம் சொல்லித்தர ஆசிரியர்கள் கைபேசியையும் டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு வகுப்பறையை விட்டு வெளியே வருகிறார்கள். சன்னல் மூலை, கூரை முகடு, கோலம், கடிகாரம் எல்லாம் படமாகின்றன. இதை முழுமனதோடு வரவேற்கிறோம். கூடவே ஒரு வேண்டுகோளும் வைக்கிறோம். கோணத்தை மாற்றாமல் காட்டும் படம் எது, மாற்றிக் காட்டும் படம் எது என்று சோதிக்கும் முறையை ஆசிரியர் கையேட்டிலும் பயிற்சியிலும் சேருங்கள். அது இல்லாவிட்டால், புத்தகம் செங்கோணம் என்று சொல்லும் மூலையைப் பிள்ளை அளந்து 82 என்று எழுதும். சரியாகத்தான் அளந்திருக்கும். அதைத் தவறென்று அடித்துவிடுவோம்.

படம் எதற்கு உதவும் என்பதை முதலில் சொல்கிறோம். கரும்பலகையில் 30 செ.மீ. கரங்களோடு 40 பாகையையும், பக்கத்திலேயே 5 செ.மீ. கரங்களோடு 60 பாகையையும் வரைந்து எது பெரிது என்று கேளுங்கள். பல பிள்ளைகள் கரம் நீண்ட கோணத்தைத்தான் காட்டுவார்கள். கோணம் என்பது திருப்பத்தின் அளவு, கரத்தின் நீளம் அல்ல என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் இந்த எண்ணம் போகாது. விரித்து வைத்த கத்தரிக்கோலின் படத்தை டேப்லெட்டில் திறந்து, மேலே ஓர் ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வைத்து, இரண்டு அலகுகளின் மேலும் மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு ஷீட்டைத் தூக்கிவிட்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கத்தரிக்கோலின் திருகுக்கு நேரே முனை வரும்படி ஷீட்டை மறுபடி வைக்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கும். கோடுகளோ அலகுகளின் மேலேயே கிடக்கும். கேமரா பொருளை நேரே பார்த்தபடியே இருக்க, கைபேசியை மட்டும் பக்கவாட்டில் சுழற்றிப் பிடித்து அதையே மறுபடி எடுத்தால், செங்கோணத்துக்கு அடிக்கோடு படுக்கையாகத்தான் இருக்கவேண்டும் என்ற இன்னொரு தவறான எண்ணமும் கலையும்.

இனி சிக்கலுக்கு வருவோம். கேமராவின் முகமும் கோணம் கிடக்கும் பரப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் மட்டுமே படத்தில் எந்தக் கோணமும் மாறாமல் விழும். 90 பாகை முகடுள்ள ஓட்டுக்கூரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே நின்று கேமராவை 30 பாகை அண்ணாந்து, முகடு படத்தின் நடுவில் விழும்படி எடுத்தால் அது சுமார் 98 பாகையாக விரியும். அண்ணாக்காமல், 30 பாகை பக்கவாட்டில் தள்ளி நின்று எடுத்தால் 82 ஆகச் சுருங்கும். சாய்வு 10 பாகைக்குள் இருந்தால் பிழை ஒரு பாகையைத் தாண்டாது. 45 பாகைக்குப் போனால் சுமார் 20 பாகை பிழை வரும். ஆகவே பிள்ளைகள் துல்லியமாக நேரே பிடிக்கவேண்டும் என்ற கவலை வேண்டாம், கண்ணுக்குத் தெரியும்படி சாய்க்காமல் இருந்தால் போதும்.

சன்னல் மூலையை வைத்துச் சோதிப்பவர்கள் இந்தப் பிழையைத் தவறவிடுவார்கள். அதன் கரங்களில் ஒன்று படுக்கை, மற்றது நிமிர்வு. அதனால் அண்ணாந்து மட்டும் எடுத்தாலோ பக்கத்தில் நின்று மட்டும் எடுத்தாலோ படத்தின் நடுவில் உள்ள மூலை 90 ஆகவே தெரியும். இரண்டும் 30 பாகை வீதம் சேர்ந்துகொண்டால் அதே மூலை 106 ஆகவோ 74 ஆகவோ போய்விடும்.

இதற்கு ஒரு தாள் போதும். 15 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தாளில் இரண்டு மூலைவிட்டங்களையும் தடித்த மார்க்கரால் போடுங்கள். எடுக்கப்போகும் கோணம் எந்தப் பரப்பில் இருக்கிறதோ அதே பரப்பில், அதன் அருகே செல்லோடேப்பால் ஒட்டிவிட்டுப் படமெடுங்கள். படத்தில் முதலில் அளக்கவேண்டியது அந்தத் தாளைத்தான். சதுரத்தின் ஒரு மூலை, மூலைவிட்டங்கள் வெட்டும் இடம் ஆகிய இரண்டுமே 90-க்கு 3 பாகைக்குள் வந்தால் படம் தேறியது. இல்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கவேண்டும். மூலை மட்டும் சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு பக்கத்தின் திசையில் மட்டும் படம் நசுங்கினால் மூலை 90 ஆகவே நிற்கும், மூலைவிட்டங்கள்தான் காட்டிக்கொடுக்கும். மூலைவிட்டத்தின் திசையில் நசுங்கினால் மூலை காட்டிக்கொடுக்கும். இரண்டையும் ஏமாற்றும் சாய்வு கிடையாது.

லென்ஸைப் பற்றியும் ஒரு சொல். 0.5 எக்ஸ் என்ற அகலப் பார்வை வேண்டாம், ஓரங்களில் நேர்க்கோடு வளையும் அல்லது இழுபடும். 1 எக்ஸ் வைத்து இரண்டடி பின்னால் போய், பொருளை நடுவில் வைத்து எடுக்கலாம். கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளைப் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு நேர் பார்க்கச் சுலபம்.

எல்லா வகுப்பறையிலும் கிடைக்கும் நல்ல பொருள் மின்விசிறி. அதை நிறுத்திவிட்டு, நேர் கீழே தரையில் கைபேசியைத் திரை மேலே பார்க்கப் படுக்கவைத்து, முன்பக்கக் கேமராவில் 3 நொடி டைமர் வைத்து விலகிவிட்டால் போதும். தரையும் விசிறியின் தளமும் இணை என்பதால் யாரும் எதையும் நேரே பிடிக்கவேண்டியதில்லை. முன்பக்கக் கேமரா இடம் வலம் மாற்றிக் காட்டினாலும் கோணம் மாறாது. ஆனால் முனை கண்ணுக்குத் தெரியாது, நடுவிலுள்ள கிண்ணம் அதை மறைத்துவிடும். ஒவ்வொரு இறக்கையிலும் ஒரே பக்க விளிம்பைத் தேர்ந்தெடுத்து அளவுகோலால் நீட்டினால் கோடுகள் சந்திக்கும். ஓர் இறக்கையில் முன்விளிம்பையும் அடுத்ததில் பின்விளிம்பையும் எடுத்தால் விடை தவறும். மூன்று கோணங்களும் 118, 121, 119 என்பதுபோல வந்தால் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 358 வந்தாலே நல்ல அளவீடு. 360-க்கு ஏன் இவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

கோலத்தைத் தலைக்கு மேலே கை நீட்டிப் படமெடுப்பதைவிட, நாற்காலியில் ஆசிரியர் நின்று கைபேசியைத் தரைக்கு இணையாகப் பிடிப்பது நல்லது. கதவு திறக்கும் கோணத்தை மேலிருந்து எடுக்க முடியாது. கதவின் அடிவிளிம்பை ஒட்டித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கதவை மூடி அங்கும் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடுகளை எடுக்கலாம். கடிகாரத்தில் 3:30-ஐக் கேட்க மறக்கவேண்டாம். மணி முள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நகர்ந்திருப்பதால் கோணம் 75 பாகை, 90 அல்ல. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைத் தொடக்க வகுப்பில் அளக்கச் சொல்லாதீர்கள். 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சாய்தளம் 5 பாகைக்கும் குறைவு. பிள்ளைகள் அளப்பதில் வரும் 2, 3 பாகைப் பிழையிலேயே அது பாதி கரைந்துபோகும்.

படம் எடுத்தபின் கெடுவதும் உண்டு. 4:3 படத்தை 16:9 திரை முழுக்க நிரம்பும்படி இழுத்தால், 90 பாகை முகடு 106 ஆகிவிடும். ஸ்லைடில் படத்தைப் பெரிதாக்கும்போது பக்கவாட்டுப் புள்ளியைத் தொடாமல் மூலைப் புள்ளியைப் பிடித்து, நீள அகல விகிதம் மாறாமல் இழுக்கவேண்டும். ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலிகளில் எடுக்கவே கூடாது, அவை நாற்கரத்தைச் செவ்வகமாக நிமிர்த்திவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் தெளிவு குறையுமே தவிர கோணம் மாறாது. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் படத்தை ஏற்றி அளப்பவர்கள் மூன்று புள்ளிகளைத் தொடும் வரிசையைக் கவனிக்கவேண்டும். நடுப்புள்ளி முனையாக இருக்கவேண்டும். கோணம் இடஞ்சுழியாகக் கணக்காவதால், முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் இடம் மாறினால் 60-க்குப் பதில் 300 என்று வரும்.

ஐந்தாம் வகுப்புக்குத் திரையைவிடத் தாளே ஏற்றது என்பது எங்கள் கருத்து. ஓர் ஏ4 தாளில் நான்கு படங்கள் அச்சிடலாம். 30 பிள்ளைகள் ஆறு குழுக்களாக, குழுவுக்கு இரண்டு படம் என்றால் மொத்தம் மூன்று தாள்தான். கருவி ஒன்றே இருந்தாலும் குழுவுக்கு 3 நிமிடம் வீதம் 18 நிமிடத்தில் எடுத்து முடிக்கலாம். காத்திருக்கும் குழுக்கள் காகிதத்தை இருமுறை மடித்துச் செங்கோணம் செய்து, எது குறுங்கோணம், எது விரிகோணம் என்று பொருள்களிலேயே வைத்துப் பார்க்கட்டும். அடுத்த பாடவேளையில் கோணமானி. அச்சுப்படத்தில் கரம் 2 செ.மீ. தான் இருக்கும், கோணமானியின் எண் வரை அது எட்டாது. அளவுகோல் வைத்து நீட்டச் சொன்னால், நீட்டினால் கோணம் பெரிதாகிவிடாதா என்று கேட்கும் பிள்ளையிடம் அந்த ஓஎச்பி ஷீட்டை மறுபடி எடுத்துக் காட்டுங்கள். இரண்டு வரிசை எண்கள் இருப்பதால் 60-ஐ 120 என்று படிப்பது வழக்கமான தவறு. அளக்கும் முன்பே வகையை எழுதவைத்தால், குறுங்கோணம் என்று எழுதிய இடத்தில் 120 வந்ததும் பிள்ளையே நிறுத்திப் பார்க்கும். பிளாஸ்டிக் கோணமானியின் அடிவிளிம்பும் பூச்சியக் கோடும் ஒன்றல்ல என்பதையும் காட்டித்தரவேண்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கையேட்டின் கோணப் பகுதியில் சதுரத் தாள் சோதனையை ஒரு பக்கத்தில் படத்தோடு போடுங்கள். இதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். கணித உபகரணப் பெட்டியில் பள்ளிக்குப் பத்து ஓஎச்பி ஷீட்டும் அழிக்கக்கூடிய மார்க்கரும் சேருங்கள், ஷீட் இல்லாமல் கோணமானியைத் திரையில் தேய்த்தால் திரைதான் கீறும். விடையில் 3 பாகை வித்தியாசத்தை ஏற்கும்படி மதிப்பீட்டுக் குறிப்பில் எழுதுங்கள். பிள்ளைகளின் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது என்றும், செயல்பாடு நடந்ததற்குச் சான்றாக எந்தப் படத்தையும் பதிவேற்றத் தேவையில்லை என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். குறுவள மையக் கூட்டத்தில் இதை விளக்கும்போது, வந்திருக்கும் ஆசிரியர்களையே அந்த அறையின் மின்விசிறியைப் படமெடுத்து அளக்கவையுங்கள்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்