ஈறு நோய்க் கிருமி: பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஈறு நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு வேளை பல் துலக்குங்கள், சர்க்கரை இருப்பவர்கள் ஈறுகளைக் கவனியுங்கள், புகையிலையை விடுங்கள் என்று எழுதியதெல்லாம் சரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் பெட்டிச் செய்தியாக, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமி வாயில் இருந்தால் ஈறு நோய் வரும், எச்சில் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்று போட்டிருந்தீர்களே, அது பாதி உண்மைதான். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். அந்தப் பெட்டியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து எங்கள் தெருக்காரர் ஒருவர், "தம்பி, எனக்கும் இந்த டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன்.

கொரோனா காலத்தில் உங்கள் பத்திரிகையே டெல்டா, ஒமைக்ரான் என்று தனித்தனியாக எழுதியது. ஒன்று நுரையீரலை எப்படித் தாக்குகிறது, இன்னொன்று எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று படம் போட்டெல்லாம் விளக்கினீர்கள், வாசகர்களுக்கும் புரிந்தது. வாயில் இருக்கும் பாக்டீரியா என்று வந்தால் மட்டும் ஏன் ஒரே பெயரோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்? ஒரே இனத்துக்குள்ளேயே மரபணுவில் வேறுபட்ட பல வகைகள் உண்டு, அதில் சில சாது, சில பொல்லாதவை.

நீங்கள் குறிப்பிட்ட அந்த ஜிஞ்சிவாலிஸையே எடுத்துக்கொள்வோம். அதன் உடம்பில் மெல்லிய நுண்ணிழைகள் இருக்கும், அவற்றை வைத்துத்தான் அது ஈறின் செல்களைப் பற்றிக்கொள்கிறது. அந்த இழையைச் செய்யும் ஃபிம்-ஏ என்ற மரபணு எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருப்பதில்லை, ஐந்தாறு வகை உண்டு. ஜப்பானில் அட்சுவோ அமானோ குழுவினர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் வெளியிட்ட ஆய்வில், ஈறு நன்றாக இருந்தவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் கிருமி இருந்தது. ஆனால் அவர்களிடம் பெரும்பாலும் முதல் வகை, நோயாளிகளிடம் பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆக, 'இருக்கிறது' என்று மட்டும் சொல்லும் பரிசோதனைக்குக் காசு கொடுத்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈறு பல்லைவிட்டு விலகி ஆழமான பை உண்டாகிவிட்டால், அங்கே பிராணவாயு குறைவு. காற்று ஆகாத இந்தக் கிருமிகளுக்கு அது சொகுசான இடம். அப்படியானால் கிருமி வந்ததால் பை உண்டானதா, பை உண்டானதால் கிருமி வந்து குடியேறியதா? நோய் வந்த பிறகு வாயைத் திறந்து பார்த்துச் சொல்லும் எந்த ஆய்வாலும் இதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. நோய் வருவதற்கு முன்னாலேயே பார்த்துவைத்துவிட்டு, அப்புறம் காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்து பார்த்தது மொராக்கோவில். ரபாத் நகரத்து அரசுப் பள்ளிகளில் 700 மாணவர்களைச் சேர்த்து, பல்லில் படிந்திருந்த படலத்தைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த டோர்ட்டே ஹௌபெக்கும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு, 2008-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அவர்கள் தேடியது வேறொரு கிருமி, அக்ரிகேட்டிபாக்டர் ஆக்டினோமைசெடம்கோமிட்டன்ஸ் (வாசிக்கும்போதே நாக்கு சுளுக்கும், நாங்கள் ஏ.ஏ. என்றுதான் சொல்வோம்). தொடக்கத்தில் ஈறு ஆரோக்கியமாக இருந்து, இரண்டு ஆண்டு கழித்து மறுபடி வந்து வாயைக் காட்டியவர்கள் 428 பேர். ஏ.ஏ. இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், அதன் சாதாரண வகைகள் மட்டும் இருந்த பிள்ளைகளுக்கு ஈறு நோய் வரும் ஆபத்து 3 மடங்கு. ஜேபி2 என்ற ஒரு வகை மட்டும் இருந்தவர்களுக்கு 18 மடங்கு. கிருமி ஒன்றுதான், ஆபத்துக் கணக்கு எங்கேயோ போய்விட்டது.

ஜேபி2-இல் அப்படி என்ன விசேஷம் என்றால், அதற்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை, இருந்ததில் கொஞ்சம் தொலைந்துபோனது, அவ்வளவுதான். ஏ.ஏ.வின் மரபுத்தொகுதி, அதாவது அதன் மொத்த டிஎன்ஏ, ஏறக்குறைய 20 லட்சம் எழுத்துகள் கொண்டது. அதில் 530 எழுத்துகள் ஜேபி2-இல் காணோம். ஆனால் காணாமல் போன இடம் சாதாரண இடமில்லை. நம் வெள்ளை அணுக்களைக் கொல்லும் ஒரு நச்சு இந்தக் கிருமியிடம் உண்டு, அந்த நச்சை எவ்வளவு தயாரிப்பது என்று தீர்மானிக்கும் பகுதியிலிருந்துதான் அந்தத் துண்டு போயிருக்கிறது. கட்டுப்பாடு போனதும் நச்சு 10 முதல் 20 மடங்குவரை கூடுதலாகச் சுரக்கிறது. ஈறைக் காக்க ஓடிவரும் வெள்ளை அணுக்கள் வந்த இடத்திலேயே சாகின்றன. ஆய்வகத்தில் இதைப் பிரித்தறிவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. டிஎன்ஏவில் அந்த இடத்தை மட்டும் பிசிஆர் முறையில் பல பிரதிகளாகப் பெருக்கி, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், ஜேபி2-இன் துண்டு குட்டை என்பதால் அதன் பட்டை மற்றதைவிடக் கீழே இறங்கி நிற்கும், கண்ணாலேயே தெரியும்.

இந்த வகை ஆப்பிரிக்காவின் மத்தியதரைக் கடல் பகுதியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்றும், அடிமை வணிகக் கப்பல்களில் மனிதர்களோடு அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம் என்றும் மரபணு ஒப்பீட்டை வைத்துச் சொல்கிறார்கள். இதைப் படித்துவிட்டு ஆப்பிரிக்கர்களின் நோய் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஸ்வீடனில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திலும் ஜேபி2-ஐக் கண்டுபிடித்து 2011-இல் எழுதியிருக்கிறார்கள். வாய்க் கிருமி எச்சில் வழியாக வீட்டுக்குள் கைமாறும், அதற்கு நிறம் தெரியாது.

18 மடங்கு என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜேபி2 இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பல் விழுந்துவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, பல் பராமரிப்பு, கூட இருக்கும் மற்ற கிருமிகள் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. மனித வாயில் வாழக்கூடியவை என்று சுமார் 700 இனங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இத்தனை வகை என்றால், ஒரே ஒரு பெயரைப் பெட்டிக்குள் போட்டு எச்சரிப்பது எவ்வளவு அரைகுறை என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் தெருக்காரருக்கு நான் சொன்னது, டெஸ்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் பல் டாக்டரிடம் போய்ப் பல்லில் இறுகிப் படிந்திருக்கும் காரையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான். எந்த வகைக் கிருமியானாலும் அது ஈறுக்கடியில் படலத்துக்குள் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கிறது, அதைச் சுரண்டி எடுப்பதுதான் முதல் வைத்தியம். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. காரை அடைத்திருந்த இடைவெளி அது போனதும் கண்ணுக்குத் தெரிகிறது, நாம் டாக்டரைத் திட்டுகிறோம். இன்னொன்று, ஈறு வீங்கியதும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி மூன்று வேளை விழுங்கும் பழக்கம். படலத்துக்குள் இருக்கும் கிருமியிடம் அது பெரிதாகச் செல்லாது. மாத்திரை தேவைப்படும் நோயாளிகள் உண்டு, ஆனால் காரை எடுப்பதோடு சேர்த்து, டாக்டர் சொல்லித்தான்.

இனி எழுதும்போது எந்த இனம் என்பதோடு எந்த வகை என்றும் கேட்டு எழுதுங்கள், கிருமி முன்னால் வந்ததா நோய் முன்னால் வந்ததா என்றும் ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் வளரிளம் பருவத்தில் வரும் ஈறு நோய் பற்றி ஈறு நோய் நிபுணர் ஒருவரிடம் தனிக் கட்டுரை வாங்கிப் போடுங்கள். அது பெரும்பாலும் முன்வரிசைப் பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும்தான் பிடிக்கும். வெளியே பார்த்தால் பல் பளிச்சென்று இருக்கும், அழுக்கும் அதிகம் இருக்காது, உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளை பல் ஆடுகிறது என்று சொன்னால், எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பாய் என்று பெற்றோர் தள்ளிவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க அந்தக் கட்டுரை உதவும்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
திருச்சி