பேச்சுக்கும் பறைக்கும் ஒரே மேடை போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மாலைச் சொற்பொழிவுக்குப் பெருங்கூட்டம் வரும் என்பதை 2005 முதல் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழா காட்டியது. 2022 நவம்பரில் நெல்லையில் நடந்த பொருநை விழாவைத் தொடர்ந்து வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயரில் அரசே இலக்கியத் திருவிழாக்களை நடத்தியது. மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் இப்போது எழுத்தாளர் பேச்சும் நாட்டுப்புறக் கலையும் அடுத்தடுத்து வருகின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் இரண்டையும் ஒரே மேடையில், ஒரே மிக்சரில் (மைக்குகளின் ஒலியைக் கலந்து சரிசெய்யும் கருவியில்) அடைப்பதால் இரண்டுமே கெடுகின்றன. மேடை, ஒலி வேலை தெரிந்தவர்கள் சார்பில் சில விஷயங்களை எழுதுகிறேன்.

பறைக்கும் தவிலுக்கும் அடி ஒலி வேண்டும் என்று பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, தூக்கி வைக்கிறார்கள். அது முடிந்ததும் அதே அமைப்பில் எழுத்தாளர் மைக் முன் நிற்கிறார். உயிரொலிகள் முழங்கி வல்லின மெய்களை விழுங்கிவிடுகின்றன. பத்தாவது வரிசைக்கு மேல் "ஊம் ஊம்" என்றுதான் கேட்கும். கூட்டம் எழுந்து போனால் "இலக்கியப் பேச்சுக்கு ஆள் இல்லை" என்று பழி வேறு. பேச்சு மைக்கின் சேனலில் லோ கட் பட்டனை அழுத்தி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டினாலே பாதிக் குறை தீரும். டிஜிட்டல் மிக்சரில் பேச்சுக்கு ஒன்று, கலை நிகழ்ச்சிக்கு ஒன்று என இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைக்கலாம். பழைய மிக்சர் என்றால் மதியச் சோதனையின்போதே திருகுகள் நிற்கும் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் போதும்.

நீளமான பந்தலில் இன்னொரு கோளாறு உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளிப் பின்வரிசைக்கென்று வைத்த பாக்ஸில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) சொல் உடனே வந்துவிடும்; மேடைப் பக்கத்துப் பாக்ஸின் சொல் பத்தில் ஒரு நொடி கழித்து வரும். ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்க இதுதான் காரணம். பின் பாக்ஸுக்கு மீட்டருக்குச் சுமார் 3 மில்லி செகண்ட் தாமதம் வைக்க வேண்டும். ஒலியைக் கூட்டுவது தீர்வே அல்ல. கூட்டினால் மைக் ஊளையிடத்தான் செய்யும். பேசுபவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும், பாக்ஸைப் பேசுபவரின் முதுகுப் பக்கம் மைக்கைப் பார்த்து நிறுத்துவதும் ஊளைக்கு மற்ற காரணங்கள்.

இனி கலைஞர்கள் பக்கம். பறையைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகும், ஓசை கணீரென்று எழும். துணிப் பந்தலுக்குள் தீ மூட்ட முடியாது. வெளியே காற்று மறைந்த ஓரிடம், ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் வேண்டும். காய்ச்சிய பறை அப்படியே இருக்காது, ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் சீக்கிரமே தொய்ந்துவிடும். "நீங்கள்தான் அடுத்து" என்று கலைஞர்களைக் காய்ச்ச வைத்துவிட்டு அரை மணி நேரம் பொன்னாடை போர்த்தினால், மேடையேறும்போது பறை பொத்தென்று ஒலிக்கும். பார்க்கிறவர்கள் கலைஞரைத்தான் குறை சொல்வார்கள்.

வில்லுப்பாட்டுக்குச் சிக்கல் வேறு. எல்லோரும் உட்கார்ந்து பாடுகிறவர்கள். சமதரையில் நாற்காலி போட்ட பந்தலில் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் வில் தெரியாது. மேடைமேல் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகைத் திண்ணை போட வேண்டும், பிரமுகர் சோபாக்களை இறக்கிவிட வேண்டும். முதன்மைப் பாடகர், பக்கப்பாட்டு, குடம், உடுக்கை என்று குட்டை ஸ்டாண்டில் நான்கு மைக்காவது தேவை. குடத்தின் மைக்கை வாய்க்கு அருகே வைக்காவிட்டால் அந்த ஆழ்ந்த ஒலி பந்தலுக்குப் போய்ச் சேராது.

தெருக்கூத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடிய விடிய நடப்பதற்கு 20 நிமிடம் ஒதுக்கி, அதற்குள் முழுப் பாரதத்தையும் கேட்கிறார்கள்! கட்டியங்காரன் (கதையை அறிவித்து நடத்தும் கோமாளி) பேச்சும், ஒரே ஒரு வேடம் திரைக்குப் பின்னிருந்து வரும் திரைப் பிரவேசமும் என்று 40 நிமிடம் கொடுங்கள், கூத்து என்றால் என்னவென்று தெரியும். முகம் எழுதி, கட்டை எனும் மர அணிகளைக் கட்ட மணிக்கணக்காகும். கண்ணாடியும் விளக்கும் கதவும் உள்ள அறையை மதியமே திறந்துவிட வேண்டும்.

எங்கள் யோசனை இது: கலைகளுக்கு வாசல் பக்கம் திறந்தவெளியில் தனி மேடை, பேச்சுக்கு உள்ளே ஒரு மேடை. பாக்ஸ்கள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்க வேண்டும். அப்போதும் இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம். 5 மணிக்குப் பறை, 6 மணிக்குப் பேச்சு, 7.15-க்கு வில்லுப்பாட்டு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. வரவேற்புரையும் வாழ்த்துரையும் தின்ற நேரம் கடைசியில் கலைஞர்கள் தலையில்தான் விழுகிறது. வந்திருப்பவர்கள் அனைவருக்கும் சேர்த்து 5 நிமிடத்தில் மரியாதை செய்து முடிக்கலாம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் என்பது நல்ல வழக்கம்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு புகைப்படம் என்றால் அதற்கும் அதே நேரம்தான் ஆகும்.

எழுத்தாளர் அமர்வுக்கு 45 நிமிடம் என்றால் அறிமுகம் 2, பேச்சு 25, கேள்வி 15, மிச்சம் கைக்காவலுக்கு. கோவையில் டிசம்பரில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய விருது விழாவில் எழுத்தாளரை உட்கார வைத்து வாசகர் கேள்விகளிலேயே அமர்வை நடத்துகிறார்கள். ஊர் விழாக்களுக்கு அந்த முறை இன்னும் பொருந்தும், ஏனென்றால் நல்ல எழுத்தாளர் எல்லோரும் நல்ல பேச்சாளர் அல்ல. அதற்கு நெறியாளர் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். "எப்போது எழுதத் தொடங்கினீர்கள்?" என்று ஆரம்பிப்பவர் படிக்கவில்லை என்று கொள்ளலாம். மைக்கைக் கூட்டத்தில் கைமாற்றி விடாமல், இரண்டு தன்னார்வலர்கள் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மைக் கைக்குப் போய்விட்டால் கேள்வி சொற்பொழிவாகிவிடும். கூச்சப்படுகிறவர்களுக்குத் துண்டுச்சீட்டும் கொடுக்கலாம்.

பேசியவரின் புத்தகம் அன்று மாலை அரங்கில் இல்லாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. அழைப்பிதழ் அடிக்கும்போதே பதிப்பகத்துக்குச் சொல்லிவிட்டு, கையெழுத்து மேசையை மேடைக்குப் பின்னால் போடாமல் அந்தக் கடை அருகிலேயே போட்டால் 10 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிய கையோடு வரிசையில் நிற்பார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். விழா நிரலை வெளியிடும்போது "மாலை 6 மணி முதல்" என்று மொத்தமாகப் போடாமல், எழுத்தாளர் பேசும் நேரம், வில்லுப்பாட்டு தொடங்கும் நேரம் எனத் தனித்தனியே கேட்டு வாங்கி அச்சிடுங்கள். மறுநாள் செய்தியில் முன்னிலை வகித்தவர்கள் பட்டியலைப் பாதியாக்கி, கூத்துக் குழுவின் ஊரையும் வாத்தியாரின் பெயரையும் சேருங்கள்.

இப்படிக்கு,
விழா மேடை ஒலி அமைப்பாளர்கள் சார்பில் ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.