லாச்சிக்குள் கிடக்கும் இறைவரிக் கடிதம்: யாழ்ப்பாணத்து வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வைத்திருப்பவர் என்றாலும் சரி, சுன்னாகம் சந்தையில் மொத்த வியாபாரம் செய்பவர் என்றாலும் சரி, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கடிதம் வந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் நடக்கிறது. கவரைக் கிழித்து, அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து, மலைத்துப்போய், கடிதத்தைக் காசு லாச்சிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். கவர் குப்பைக்குப் போய்விடும். காசு சேர்ந்ததும் பார்க்கலாம் என்ற நினைப்பு. கணக்கு எழுதியும் வரி விவரத்திரட்டு (ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவம்) நிரப்பியும் கொடுக்கிறவர்கள் என்ற வகையில் நாங்கள் கேட்பது இதுதான்: முதலில் எழுத்தில் ஒரு பதில் போகட்டும். காசுக் கதை அதற்குப் பிறகு.

கவரிலிருந்தே தொடங்குவோம். அதை எறிய வேண்டாம். முத்திரையில் குத்திய திகதி தெரியும்படி கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மதிப்பீட்டு அறிவித்தல் (உங்கள் வரி இவ்வளவு என்று திணைக்களம் கணித்து அனுப்புவது) ஒன்றை ஏற்காதவர், அது தமக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாளுக்குள் திணைக்களத்தின் ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கேட்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். கடிதத்தில் அச்சிட்ட திகதிக்கும் அது கைக்கு வந்த திகதிக்கும் இடையில் இரண்டு கிழமை போயிருந்தால், அதைக் காட்ட உங்களிடம் இருப்பது அந்தக் கவர் ஒன்றுதான்.

அடுத்து, கடிதம் எந்த வகை என்று பாருங்கள். வெறும் ஞாபகமூட்டலா, மதிப்பீட்டு அறிவித்தலா, நிலுவை அறவிடப் போகிறோம் என்பதா? தலைப்பு வரியிலேயே அது இருக்கும். கூடவே எந்த வரி, எந்த மதிப்பீட்டாண்டு (ஏப்ரலிலிருந்து மார்ச் வரையான வரி ஆண்டு) என்பதும் இருக்கும். மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டிய ஆதனவரிப் பற்றுச்சீட்டையும் வியாபார அனுமதிப் பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு இறைவரிக் கந்தோருக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவை வேறு, இது வேறு.

மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதற்குள் வரி, தண்டப்பணம், வட்டி என்று மூன்று இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023/24 மதிப்பீட்டாண்டுக்கு ஒருவர் கட்ட வேண்டிய மீதி வரி 200,000 ரூபா. கடைசி நாள் 2024 செப்ரெம்பர் 30. அதற்குப் பின் 14 நாளும் கடந்தால் கட்டாத வரியின் 20 வீதம், அதாவது 40,000 ரூபா, தண்டம். வட்டி மாதம் 1.5 வீதம்; மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஒக்டோபர் 2ஆம் திகதி கட்டினாலும் 3,000 ரூபா வட்டி வரும். இரண்டு நாள்தானே என்று அங்கே பேசிப் பயனில்லை.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். விவரத்திரட்டு ஒப்படைக்கும் கடைசி நாள் நவம்பர் 30. மீதி வரி கட்டும் கடைசி நாள் செப்ரெம்பர் 30. நவம்பர் நடுவில் கணக்குக் கொப்பியோடு வருகிறவரின் விவரத்திரட்டு நேரத்துக்குப் போய்விடும். காசோ ஏற்கெனவே ஒன்றரை மாதம் பிந்தியிருக்கும். “எல்லாம் நாளுக்குச் செய்தோமே, பிறகு ஏன் கடிதம்?” என்ற கேள்விக்குப் பாதி விடை இதுதான். ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்ற காலாண்டுத் தவணைகளைக் கட்டாமல் விட்டால் அதற்கும் 10 வீதம் தண்டம் உண்டு.

விவரத்திரட்டையே கொடுக்காமல் விடுவது இதைவிட மோசம். வரியின் 5 வீதமும் மாதத்துக்கு 1 வீதமும் ஒரு பக்கம், 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும் மறு பக்கம். இவற்றில் எது கூடவோ அதுதான் தண்டம். உச்சம் 400,000 ரூபா. வரி 40,000 ரூபா மட்டுமே உள்ள ஒரு சிறு கடைக்காரர் மூன்று மாதம் பிந்தினால் 80,000 ரூபா தண்டம். வரியைப்போல் இரண்டு மடங்கு! கையில் காசு இல்லாவிட்டாலும் விவரத்திரட்டை நாளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று நாங்கள் வருடா வருடம் கெஞ்சுவது இதனால்தான்.

காசு கட்டியும் நிலுவை என்று கடிதம் வருவது உண்டு. பாங்கில் நிரப்பும் செலுத்துச் சீட்டில் ரின் (TIN) இலக்கம் எனப்படும் உங்கள் வரி இலக்கம், வரி வகைக் குறியீடு, காலக் குறியீடு என்று மூன்று கட்டங்கள் இருக்கும். காலக் குறியீடு ஐந்து இலக்கம். 2023/24இன் இரண்டாம் தவணைக்கு 23242. ஆண்டின் இறுதி மீதிக்கு 23240. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் காசு அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் வேறொரு கட்டத்தில் மிகையாகக் கிடக்கும். கட்ட வேண்டிய கட்டம் வெறுமையாக இருக்க, அதற்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். இப்படி வந்த கடிதத்துக்காகத் திரும்பவும் காசு கட்ட ஓட வேண்டாம். சீட்டின் பிரதியை இணைத்து, காசை உரிய காலத்துக்கு மாற்றித் தரும்படி எழுதுங்கள். சீட்டுக்களின் மை ஓரிரு வருடத்தில் மங்கிப்போகும். கட்டிய அன்றே ஒரு போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள்.

வைப்புப் பண வட்டியிலிருந்து பாங்கு பிடித்த வரியும், இலக்கம் பிழைத்தால், அப்படித்தான் உங்கள் கணக்கில் ஏறாமல் கிடக்கும். அந்த வீதம் 2025 ஏப்ரலிலிருந்து 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியிருக்கிறது. பாங்கிடம் சான்றிதழ் வாங்கி, அதில் உங்கள் ரின் இலக்கம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விவரத்திரட்டு கொடுக்காதவருக்குத் திணைக்களம் தன்னிடம் உள்ள தகவலை வைத்துத் தானே ஒரு மதிப்பீடு செய்யும். பாங்குக் கணக்கில் விழுந்த தொகை முழுவதும் வருமானமாகத் தோன்றலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய காசும், ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய காசும் அதற்குள் இருக்கும். இதற்குக் கோபப்பட்டு ஆவதொன்றுமில்லை. பாங்குக் கூற்றை எடுத்து, ஒவ்வொரு பெரிய வரவுக்கும் பக்கத்தில் பென்சிலால் “மகள் அனுப்பியது”, “சீட்டுக் காசு”, “விற்பனை” என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பென்சில் குறிப்புத்தான் மீளாய்வுக் கடிதத்தின் முதுகெலும்பு. தவறவிட்ட விவரத்திரட்டையும் நிரப்பிக் கூடவே இணையுங்கள். “தொகை அதிகம், கருணை காட்டுங்கள்” என்று மட்டும் எழுதிய கடிதத்தில் மீளாய்வு செய்ய ஒன்றுமில்லை.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இந்த அளவு போதும்:

“எனது ரின் இலக்கம் இது. இன்ன மதிப்பீட்டாண்டுக்கு, இன்ன திகதியிட்ட, இன்ன இலக்க அறிவித்தல் இன்ன திகதியில் கிடைத்தது. அதில் இவ்வளவு ரூபாவை ஏற்கிறேன். இவ்வளவு ரூபாவை ஏற்கவில்லை. காரணங்களும் ஆதாரங்களும் இணைக்கப்பட்டுள்ளன. ஏற்கும் தொகையில் இவ்வளவை இன்று கட்டியுள்ளேன். மீதியை மாதம் இவ்வளவாக இத்தனை மாதத்தில் கட்ட அனுமதி கேட்கிறேன். மீளாய்வு முடியும் வரை ஏற்காத தொகையை அறவிடாதிருக்கவும் வேண்டுகிறேன்.”

ஏற்கும் தொகையையும் ஏற்காத தொகையையும் பிரித்து எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மாதத் தவணையைக் கேட்கும்போது கடையின் உண்மையான வரவைப் பார்த்துக் கேளுங்கள். வீம்புக்கு மாதம் ஒரு லட்சம் என்று எழுதி இரண்டாம் மாதமே தவறுவதைவிட, 30,000 என்று எழுதித் தவறாமல் கட்டுவது மேல். தவணை கேட்டதால் வட்டி நின்றுவிடும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் நேரே கொடுப்பதானால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். “ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன்” என்பது எந்தக் கோவையிலும் ஏறாது.

பதிலே போகாவிட்டால் அடுத்த கடிதம் உங்களுக்கு வராமலும் போகலாம். அது உங்கள் பாங்குக்குப் போகும். உங்களுக்குக் கொடுக்க வேண்டிய காசைத் திணைக்களத்துக்குக் கட்டும்படி பாங்குக்கோ உங்களுக்குக் கடன்பட்டவருக்கோ அறிவிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்பிய பிறகுதான் பலருக்கு விசயமே தெரியவரும்.

அப்பாவின் பெயரில் இருந்த கடை மகனுக்கு வந்துவிட்டது, அல்லது கடையைப் பூட்டிவிட்டு ஆள் கனடாவுக்குப் போய்விட்டார். ஆனால் அந்த வரிக் கோவை திறந்தபடியே கிடக்கிறது. நிறுத்திவிட்டோம் என்று எழுத்தில் அறிவிக்காத வரை, விவரத்திரட்டு எங்கே என்ற கேள்வி பழைய விலாசத்துக்கு வந்துகொண்டே இருக்கும். மரணச் சான்றிதழ், வியாபாரப் பெயர்ப் பதிவை நீக்கிய பத்திரம், ஒரு கடிதம்: இவ்வளவுதான் வேலை.

இனிச் சங்கங்களிடம் நாங்கள் கேட்பது. தனி ஒருவர் கேட்டால் எடுபடாத ஒன்றைச் சங்கம் கேட்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் வந்த அறிவித்தலுக்குத் தமிழ்ப் பிரதி கேட்டு எழுத உறுப்பினருக்கு ஒரு மாதிரிக் கடிதம் அச்சடித்துக் கொடுங்கள். தொடர்ந்து கிடைக்காவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சங்கத்தின் கடிதத் தலைப்பிலேயே முறையிடுங்கள். ஆனால் தமிழ்ப் பிரதிக்காகக் காத்திருந்து அந்த 30 நாளை விட்டுவிடக் கூடாது. இரண்டு கடிதமும் ஒரே நாளில் போகட்டும்.

இன்னொன்று. உங்கள் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டுத் தாருங்கள். செப்ரெம்பர் முதலாம் கிழமையிலிருந்து நவம்பர் முடியும் வரை, சனிக்கிழமை காலைகளில் நாங்கள் முறை வைத்து வந்து இருக்கிறோம். வருகிறவர்கள் கடிதத்தையும் கவரையும் செலுத்துச் சீட்டுக்களையும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் கணக்கும் வரி விவரத்திரட்டும் செய்து கொடுப்போர் சிலர்