காப்பீடும் சம்பளத்தில் ஒரு பங்குதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் கருத்தடைக்குக் காப்பீடு தருவதில் எழுந்த சண்டையைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை நிதானமாகப் படித்தேன். ‘மனசாட்சி இடம் கொடுக்காத ஒன்றுக்கு முதலாளி ஏன் பணம் கட்ட வேண்டும்?’ என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். செயற்கைக் கருத்தடை கூடாது என்று 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடலைப் பற்றி மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டு வளர்ந்தவள். செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவளும்கூட. அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தப் பணம் யாருடையது என்பதைக் கட்டுரையாளர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அங்கே உழைக்கும் வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலை பார்க்கும் இடம் வழியாகத்தான் கிடைக்கிறது. அது முதலாளி தரும் தீபாவளி இனாம் இல்லை. செய்த வேலைக்கான கூலியில் ஒரு பங்கு. போதாததற்கு, தொழிலாளியின் சம்பளத்திலும் மாதாமாதம் பிரீமியம் பிடிக்கிறார்கள். கையில் வாங்கிய சம்பளத்தில் ஒரு பெண் மாத்திரை வாங்கினால் எந்த முதலாளியும் அது தன் பாவம் என்று சொல்ல மாட்டார். அதே உழைப்பின் பலன் காப்பீடாக வரும்போது மட்டும் அவருக்கு உரிமை எங்கிருந்து வருகிறது?

2010-இல் ஒபாமா காலத்தில் வந்த சுகாதாரச் சட்டத்தின்படி, 2012 முதல் பெண்களுக்கான கருத்தடை முறைகளைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்றானது. தேவாலயங்களுக்கு முதலிலேயே விலக்கு கொடுத்தார்கள். அது சரி, அதில் எனக்குக் குறையில்லை. வழக்குக்குப் போனது ஹாபி லாபி, கைவினைப் பொருட்கள் விற்கும் பெரிய கடை நிறுவனம். அப்போதே சுமார் 500 கடைகள், 13,000 ஊழியர்கள். அனுமதி பெற்ற 20 முறைகளில் 16-ஐ ஏற்றுக்கொண்ட உரிமையாளர்கள், இரண்டு அவசரக் கருத்தடை மாத்திரைகளும் கருப்பைக்குள் பொருத்தும் இரண்டு வகைக் கருத்தடைச் சாதனங்களும் கருச்சிதைவுக்குச் சமம் என்றார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. நம்பிக்கை உண்மையானதா என்றுதான் பார்த்தார்களே தவிர, மருத்துவப்படி சரியா என்று பார்க்கவில்லை. அந்த மாத்திரைகளில் ஒன்றான பிளான்-பி, கரு கருப்பையில் பதிவதைத் தடுப்பதில்லை, கருமுட்டை வெளிவருவதைத்தான் தள்ளிப்போடுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2022-இல் அதன் விவரக் குறிப்பையே திருத்தியது.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஒரு கணக்குச் சொன்னார்: கருப்பைச் சாதனம் பொருத்தும் செலவு, குறைந்தபட்சக் கூலி வாங்குபவரின் ஏறக்குறைய ஒரு மாத முழுச் சம்பளம். கடையில் கல்லாவில் நிற்கும் பெண் அதை எங்கே புரட்டுவாள்?

ஏழை முதியோரைப் பராமரிக்கும் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபையின் வழக்கு வேறு மாதிரி. அவர்கள் சேவையை நான் மதிக்கிறேன். அவர்களைப் போன்ற அமைப்புகள் ஆட்சேபம் உண்டு என்று ஒரு படிவம் கொடுத்தால் போதும், காப்பீட்டு நிறுவனமே செலவை ஏற்கும் என்று 2013-இல் வழி செய்தார்கள். முதலாளி, தொழிலாளி இருவரின் மனசாட்சிக்கும் இடம் தந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவதே பாவத்துக்குத் துணைபோவது என்றார்கள் சகோதரிகள். பிறகு டிரம்ப் அரசு விலக்கை விரிவாக்கியது. 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை காப்பீட்டை இழக்கலாம் என்று அரசே மதிப்பிட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் வழிவிட்டது. 2025 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஒரு நீதிபதி அந்த விதிகளை ரத்து செய்தார். இழுபறிதான்.

தினமும் சாப்பிடும் கருத்தடை மாத்திரையைக் கருத்தடைக்காக மட்டும்தான் சாப்பிடுகிறார்கள் என்ற நினைப்பும் கட்டுரை முழுக்கத் தெரிகிறது. சினைப்பை நீர்க்கட்டிக்கும், மாதாமாதம் துணி நனைந்து இரத்தசோகையில் வெளுத்துப்போகும் பெண்களுக்கும் டாக்டர்கள் இதைத்தான் எழுதுகிறார்கள். 2012-இல் சாண்ட்ரா ஃப்ளூக் என்ற சட்ட மாணவி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் தன் தோழியின் கதையைச் சொன்னார். நீர்க்கட்டிக்காக மாத்திரை தேவைப்பட்டும், இயேசு சபையார் நடத்தும் பல்கலைக்கழகத்தின் காப்பீட்டில் அது கிடைக்கவில்லை. கைக்காசு போட்டு வாங்கி, முடியாமல் நிறுத்தினார். டென்னிஸ் பந்து அளவுக்குக் கட்டி வளர்ந்து, கடைசியில் ஒரு சினைப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. இதைப் பேசியதற்காக ஒரு வானொலிப் பேச்சாளர் ஃப்ளூக்கை ஒழுக்கம் கெட்டவள் என்று ஏசினார்.

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை அட்டையை இலவசமாகக் கொடுப்போம். 21 வெள்ளை மாத்திரை, 7 பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை. ஜெபமாலை அணிந்தவர்களும் புர்கா போட்டவர்களும் வாங்கிப் போவார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களை வற்புறுத்த நான் விட்டதில்லை. முடிவு அவர்களுடையது, அவர்கள் முதலாளி யாரென்று கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே விற்கும் மருத்துவக் காப்பீடுகளிலும் கருத்தடைச் செலவு பொதுவான விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. அதற்கு மதம்கூடக் காரணமில்லை. தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெண் கைக்காசைத்தான் கொடுக்கிறாள். அடுத்து அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

– ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்