பிரெஞ்சுக் கதைகளுக்குப் படம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

ஓவிய நண்பர்களுக்கு வணக்கம்.

அக்கா பேரனுக்கு வாங்கிய மொழிபெயர்ப்புக் கதைப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ். அம்மாவின் கையில் லேஸ், அப்பாவுக்குப் பவுடர் பூசிய டோப்பா, எல்லாம் சரி. மூன்று வயதுப் பையனுக்கு மட்டும் அரைக்கால் சட்டையும் தோள்வாரும்! அந்த வயதில் அவன் பாவாடையோடுதான் திரிந்திருப்பான்.

நம்ப முடியாவிட்டால் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும், அக்காலப் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேனின் 'லெ பெனெதிசித்தே' ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லும் காட்சி; 1740இல் பார்வைக்கு வைக்கப்பட்டது. அம்மா பரிமாறக் குனிகிறாள். கடைக்குட்டி தாழ்ந்த நாற்காலியில் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறது. உடம்பில் கவுன், தலையில் துணிக்குல்லா. பெண் குழந்தை என்றே நானும் நினைத்தேன், நாற்காலியில் தொங்கும் பொம்மை மேளம் கண்ணில் படும்வரை. அந்த மேளத்தை வைத்துத்தான் அது பையன் என்கிறார்கள்.

காரணம் வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றுக்குப் போகச் சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பித்தான் வைத்த கால்சட்டையை மாட்டிவிட்டு, நாளுக்குப் பத்துத் தடவை யார் அவிழ்ப்பது? ஆறேழு வயதை ஒட்டித்தான் கால்சட்டை. அதற்குப் பிந்தைய பையனையும் ஷார்தேன் 1739இல் வரைந்திருக்கிறார். கனடாவின் ஒட்டாவாவில் இருக்கும் அந்தப் படத்தில், வளர்க்கும் பெண் அவனுடைய மூன்று முனைத் தொப்பியைப் பிரஷ்ஷால் துடைக்கிறாள். கோட்டுப் போட்டவன் கக்கத்தில் புத்தகத்தோடு தலைகுனிந்து நிற்கிறான். சீட்டும் இறகுப்பந்தும் தரையில் கிடக்கின்றன.

நடை பழகும் குழந்தையை வரைவதானால் இரண்டு பொருளை மறக்க வேண்டாம். ஒன்று 'புர்லே': நம் சும்மாடு போல, ஆனால் விழுந்தால் மண்டை உடையாமலிருக்க, பஞ்சடைத்துத் தலையைச் சுற்றிக் கட்டுவது. மற்றது 'லிசியேர்': கவுனின் தோளில் தைத்த நீள நாடா, பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள. பிள்ளை வளர்ப்பு பற்றிய 'எமில்' நூலில், தன் கற்பனை மாணவன் எமிலுக்கு இரண்டும் கிடையாது என்று சிந்தனையாளர் ரூசோ 1762இல் எழுதினார். அப்படி அடித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அவை எவ்வளவு வீடுகளில் இருந்திருக்கும்!

பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தில் பெட்டியிலிருந்து எடுத்த நல்ல உடுப்புதான் இருக்கும். அன்றாடத்துக்கு இந்த வீட்டுக் காட்சிகள்தான் கதி. ஷார்தேனின் வீடுகளும் கொஞ்சம் அதிகச் சுத்தம்தான். குடியானவர் கதையென்றால் ஒரு நூற்றாண்டு முந்திப் போய், 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்களான லெ நேன் சகோதரர்களின் படங்களைப் பாருங்கள். அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு இருக்கிறார்கள்.

மறுபதிப்பு வந்தால் அந்தப் பையனுக்குப் பாவாடை கட்டிவிடுங்கள். கையோடு ஒரு மேளமும். இல்லையென்றால் அக்கா பேரன் அவனைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவான்.

அன்புடன்,
ஒரு வாசகி